மூன்று பெருந்தோட்டாக்களும் ஒரு மான் பருவமும்: .450 புஷ்மாஸ்டர் நிலைத்த விதம்

அமெரிக்காவில் 2001 முதல் 2007 வரையிலான சில ஆண்டுகளுக்குள் ஏஆர்-15 வகை அரைத் தானியங்கித் துப்பாக்கிக்கென்றே (விசையை இழுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு குண்டு சுட்டு, அடுத்த தோட்டாவைத் தானே நிரப்பிக்கொள்வது) மூன்று பெருந்துளைத் தோட்டாக்கள் சந்தைக்கு வந்தன. .50 பேயோவுல்ஃப், .458 சோகாம், .450 புஷ்மாஸ்டர் ஆகிய இம்மூன்றும் (பெயரில் உள்ள எண் குண்டின் விட்டத்தை ஏறத்தாழ அங்குலத்தில் குறிக்கும்) ஒரே துப்பாக்கியில், ஒரே மேகசின் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) நீளத்துக்குள் அடங்கி, ஏறத்தாழ ஒரே ஆற்றலைத் தருபவை. குழல் வாயில் அளந்தால் மூன்றின் வழக்கமான ஆற்றலும் 3,200 முதல் 3,800 ஜூல் என்ற சிறிய இடைவெளிக்குள் வந்துவிடும். எறியியல் அட்டவணையை மட்டும் பார்ப்பவர் இவற்றில் எது நிலைக்கும், எது ஓரமாக ஒதுங்கும் என்று சொல்லியிருக்க முடியாது. ஆயினும் இன்று மிச்சிகன் மாநிலத்தின் தென்பகுதியில், நவம்பர் மான் பருவத்துக்கு முன் தோட்டா வாங்கப் போகிறவருக்குக் கடை அலமாரியில் எளிதாகக் கிடைப்பது .450 புஷ்மாஸ்டர்தான். மற்ற இரண்டும் தேடிப் பிடித்து வாங்கும் பொருள்களாகவே நின்றுவிட்டன.

இந்த வேறுபாடு எப்படி வந்தது என்பதே இந்த ஆய்வின் பொருள். பெரிய தோட்டா என்றாலே ஒரு கவர்ச்சி உண்டு. அந்தக் கவர்ச்சியே விற்பனை என்று துப்பாக்கித் தொழிலில் உள்ளவர்களே பல நேரம் எண்ணிவிடுகிறார்கள். இந்த மூன்று தோட்டாக்களின் கதையை அருகருகே வைத்துப் பார்க்கும்போது எனக்குக் கிடைக்கும் முடிவு வேறு. குண்டின் பருமன் ஆட்களைக் கடைவரை அழைத்து வந்தது, அவ்வளவுதான். ஆண்டுதோறும் திரும்பி வரும் வாடிக்கையாளரை உருவாக்கியவை இரண்டு: பெரிய தோட்டா நிறுவனம் ஒன்று தொடக்கத்திலேயே கைகொடுத்ததும், மாநில வேட்டை விதி ஒன்று தோட்டாக் கூட்டின் (மருந்தைத் தாங்கும் உலோக உறை) வடிவத்தையும் நீளத்தையும் அங்குலக் கணக்கில் எழுதி வைத்ததும்.

துப்பாக்கி வகுத்த எல்லை

ஏஆர்-15 யூஜீன் ஸ்டோனர் ஆர்மலைட் நிறுவனத்தில் இருந்தபோது உருவான துப்பாக்கி. 1959இல் அதன் உரிமையை கோல்ட் நிறுவனம் வாங்கியது. முக்கியக் காப்புரிமை 1977இல் முடிந்த பிறகு யார் வேண்டுமானாலும் அதே அமைப்பில் செய்து விற்கலாம் என்ற நிலை வந்தது. இவ்வகைத் துப்பாக்கிகள் மீது 1994 முதல் 2004 வரை நடைமுறையில் இருந்த கூட்டாட்சித் தடை காலாவதியானதும் தயாரிப்பாளர்கள் பெருகினார்கள். ஒரே துப்பாக்கியை ஒரே .223 அளவில் பலரும் செய்யும்போது, ஒருவர் மற்றவரிடமிருந்து தன்னை வேறுபடுத்திக் காட்ட அளவை மாற்றுவது இயல்பான வழி. அதற்கு இந்தத் துப்பாக்கியின் கட்டமைப்பே இடம் கொடுத்தது. ஏஆர்-15இன் மேற்பகுதியும் கீழ்ப்பகுதியும் இரண்டு ஊசிகளால் மட்டுமே இணைக்கப்பட்டவை. அமெரிக்கச் சட்டத்தின் பார்வையில் வரிசை எண் பொறித்த கீழ்ப்பகுதியே துப்பாக்கி. குழலும் போல்ட்டும் (தோட்டாவைப் பின்னாலிருந்து பூட்டிப் பிடிக்கும் பாகம்) அடங்கிய மேற்பகுதி வெறும் உதிரிப்பாகம். ஆகவே ஏற்கெனவே ஒரு ஏஆர்-15 வைத்திருப்பவர், புதிய துப்பாக்கி வாங்காமல், மேற்பகுதியை மட்டும் வாங்கிப் பொருத்திப் பெருந்துளைத் துப்பாக்கிக்காரராக மாறிவிட முடிந்தது. இந்த வசதி இல்லாமல் போயிருந்தால் மேற்சொன்ன மூன்று தோட்டாக்களில் ஒன்றும் சந்தைக்கு வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

ஆனால் அதே துப்பாக்கி கடுமையான எல்லைகளையும் வகுத்தது. மேகசினுக்குள் செல்லும் தோட்டாவின் மொத்த நீளம் சுமார் 2.26 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. எனவே மருந்தைக் கூட்ட வேண்டுமானால் நீளத்தைக் கூட்ட முடியாது, பருமனைத்தான் கூட்ட வேண்டும். பருமனைக் கூட்டினால் போல்ட்டின் முகப்பு இடம் கொடுக்காது. அதைக் குடைந்து அகலமாக்கினால் சுற்றியுள்ள உலோகம் மெலிந்துபோகும். இந்தச் சிக்கலைத் தீர்க்கவே மூன்று தோட்டாக்களிலும் கூட்டின் உடலைவிட விளிம்பு (போல்ட் பற்றிக்கொள்ளும் அடி வளையம்) சிறியதாகக் கடையப்பட்டது. பேயோவுல்ஃப் தோட்டாவின் விளிம்பு ரஷ்யாவின் 7.62×39 தோட்டாவின் விளிம்பை ஒத்தது. மற்ற இரண்டின் விளிம்பு 0.473 அங்குலம், அதாவது பல வேட்டைத் துப்பாக்கிகளில் பழகிய அளவு.

அழுத்தக் கணக்கையும் இங்கே பார்க்க வேண்டும். .223 தோட்டாவுக்கு உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 55,000 பவுண்டு; .450 புஷ்மாஸ்டருக்கோ 38,500 பவுண்டு மட்டுமே. எண் குறைவாக இருப்பதால் போல்ட்டின் மீது விழும் சுமையும் குறைவு என்று தோன்றும். கூட்டின் அடிப்பரப்பைக் கணக்கில் எடுத்தால் படம் மாறுகிறது. கூட்டின் வெளிவிட்டத்தை வைத்துத் தோராயமாகப் பெருக்கிப் பார்த்தால் .223இல் சுமார் 6,100 பவுண்டு விசையும், .450இல் சுமார் 7,500 பவுண்டு விசையும் போல்ட்டைப் பின்னோக்கித் தள்ளுகின்றன. அழுத்தம் பத்தில் மூன்று பங்கு குறைந்தும் சுமை ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் கூடுகிறது. பெருந்தோட்டாக்களின் அழுத்தத்தை இதற்கு மேல் ஏற்றாமல் வைத்திருப்பதற்கும், அவற்றுக்கென உறுதியான போல்ட்டுகளைத் தயாரிப்பதற்கும் இதுவே காரணம். கையால் தோட்டா நிரப்புபவர்கள் அழுத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டலாம் என்று ஆசைப்படுவது இந்த இடத்தில்தான் ஆபத்தாகிறது.

மேல் எல்லையை வகுத்தது சட்டம். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி, குழலின் துளை அரை அங்குலத்துக்கு மேற்பட்டால், வேட்டைக்கு ஏற்றது என்று விலக்குப் பெறாத துப்பாக்கி அழிவுக் கருவி என்ற வகைக்குள் போய்விடும். பேயோவுல்ஃப் அரை அங்குலத்தோடு நின்றது தற்செயல் அன்று.

மூன்று பிறப்புகள்

.458 சோகாம் தோட்டாவின் தொடக்கத்தை 1993இல் சோமாலியாவின் மொகடிஷுவில் நடந்த சண்டையோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். அங்கே போரிட்ட அமெரிக்க வீரர்களிடையே .223ஐ ஒத்த 5.56 மில்லிமீட்டர் ராணுவத் தோட்டாவின் நிறுத்தும் திறன் பற்றி எழுந்த குறைகள், பின்னாளில் சிறப்புப் படையினரோடு நடந்த உரையாடல்களில் ஒரு வேண்டுகோளாக மாறின: அதே துப்பாக்கியில், அதே மேகசினில், பெரிய குண்டைச் செலுத்த முடியுமா? மார்ட்டி டெர் வீமே அதற்கு விடையாக இத்தோட்டாவை வடிவமைத்தார். கூட்டின் நீளம் 40 மில்லிமீட்டர். 300 கிரெய்ன் குண்டு, அதாவது சுமார் 19 கிராம், வினாடிக்கு 1,900 அடி வேகத்தில் செல்லும். .45-70 போன்ற பழைய வேட்டைத் தோட்டாக்களுக்கென்று செய்யப்படும் .458 அங்குலக் குண்டுகள் எல்லாம் இதற்கும் பொருந்தும். சாதாரண 5.56 மேகசினின் உதடுகளைத் திருத்தாமலே இத்தோட்டாவை ஒற்றை வரிசையாக அடுக்கலாம். 30 தோட்டா மேகசினில் இவை 10 அடங்கும். வடிவமைப்பு என்ற அளவில் மூன்றிலும் நேர்த்தியானது இதுதான் என்பது என் கருத்து. நீளம் குறைந்த கூட்டின் முனையில் ஒரு சிறிய தோளும் கழுத்தும் இருக்கின்றன. தோட்டா அறைக்குள் சரியான ஆழத்தில் நிற்பது அந்தத் தோளின் தயவில்தான். பின்னாளில் இதே தோள் அதற்குத் தடையாக வந்தது.

.50 பேயோவுல்ஃப் 2001இல் வெர்ஜீனியாவின் அலெக்சாண்டர் ஆர்ம்ஸ் நிறுவனத்திலிருந்து வந்தது. அதை உருவாக்கியவர் பில் அலெக்சாண்டர். 334 கிரெய்ன் குண்டு வினாடிக்கு 1,900 அடி வேகத்தை நெருங்கும். பெயர் அந்நிறுவனத்தின் வணிகக் குறி. எனவே பிறர் இதே தோட்டாவைத் தயாரித்தாலும் 12.7×42 என்று அளவைச் சொல்லித்தான் விற்க வேண்டியிருந்தது. கடைக்காரர் ஒரு பெயரும் பெட்டி இன்னொரு பெயரும் சொல்லும் பொருளைப் புதிதாக வாங்க வருபவர் தயங்கித்தான் வாங்குவார். இதே பில் அலெக்சாண்டர் உருவாக்கிய 6.5 கிரெண்டல் தோட்டாவின் வரலாறு இதற்கு நல்ல எதிர்ச்சான்று. அந்தப் பெயரின் மீதான உரிமை விட்டுக்கொடுக்கப்பட்டு, அமெரிக்காவின் விளையாட்டுத் துப்பாக்கி மற்றும் தோட்டா உற்பத்தியாளர் கழகத்தின் தர அளவுகளுக்குள் அது 2011 வாக்கில் ஏற்கப்பட்ட பிறகு, பல நிறுவனங்கள் அதைச் செய்யத் தொடங்கின. பேயோவுல்ஃபுக்கு அந்தக் கதவு அப்படித் திறக்கவில்லை.

மூன்றாவது .450 புஷ்மாஸ்டர். இதன் வேர் துப்பாக்கிப் பயிற்சியாளரும் எழுத்தாளருமான ஜெஃப் கூப்பர் முன்வைத்த ஒரு கருத்தில் இருக்கிறது. .44 அளவுக்குக் குறையாத பெரிய குண்டை அரைத் தானியங்கித் துப்பாக்கியில் செலுத்தி, 250 கஜம் வரை ஒரே குண்டில் பெரிய விலங்கை வீழ்த்த வேண்டும் என்பதே அவர் ‘தம்பர்’ என்று பெயரிட்டு எழுதிவந்த எண்ணம். லெமேக் நிறுவனத்தின் டிம் லெஜெண்டர் அதை .45 புரொஃபஷனல் என்ற தோட்டாவாக உருவாக்கி, மெய்ன் மாநிலத்தின் புஷ்மாஸ்டர் நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்தார். புஷ்மாஸ்டர் தோட்டாவைச் செய்து தர ஹார்னடி என்ற பெரிய தோட்டா நிறுவனத்தை நாடியது. ஹார்னடி தன்னிடமிருந்த மென்மையான பாலிமர் நுனி கொண்ட 250 கிரெய்ன் குண்டு மேகசின் நீளத்துக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக, கூட்டின் நீளத்தை 1.772 அங்குலத்திலிருந்து 1.700 அங்குலமாகக் குறைக்கச் சொன்னது. 2007இல் தோட்டா வெளிவந்தபோது அந்தக் குண்டு வினாடிக்கு 2,200 அடி வேகத்தில் சுமார் 3,640 ஜூல் ஆற்றலைக் கொடுத்தது. 55 கிரெய்ன் .223 குண்டின் ஆற்றல் ஏறத்தாழ 1,740 ஜூல் என்பதை ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

இந்த மூன்று பிறப்புகளையும் வைத்துப் பார்த்தால், முதல் இரண்டும் துப்பாக்கிக்காரரின் பட்டறையிலிருந்து வெளியே வந்தவை. மூன்றாவது, தோட்டா நிறுவனத்தின் உற்பத்தி வரிசைக்கு ஏற்பத் தன் உடலையே வெட்டிக்கொண்டு வந்தது. ஒரு கண்டுபிடிப்பாளர் தன் வடிவத்தை விட்டுக்கொடுப்பது எளிதல்ல. லெஜெண்டர் அதற்கு ஒப்புக்கொண்ட அன்றே இந்தத் தோட்டா, அதன் முதல் துப்பாக்கி விற்கும் முன்பே, பாதி வழி கடந்துவிட்டது என்று சொல்வேன். தர அளவு, பெரிய நிறுவனத்தின் தோட்டா, தொடர்ந்து கிடைக்கும் என்ற நம்பிக்கை ஆகிய மூன்றும் ஒரே சமயத்தில் அமைந்தன.

முதலில் வாங்கியவர்கள்

முதல் சில ஆண்டுகளில் இந்தத் தோட்டாக்களை வாங்கியவர்களில் இரு சாரார் தெளிவாகத் தெரிகிறார்கள். ஒரு சாரார் புதுமை விரும்பிகள். பழகிய துப்பாக்கியின் வாயில் கட்டைவிரல் அளவுத் துளையைப் பார்ப்பதிலேயே அவர்களுக்கு நிறைவு. இவர்கள் துப்பாக்கியை அல்லது மேற்பகுதியை வாங்குவார்கள். தோட்டாவை அடிக்கடி வாங்க மாட்டார்கள். ஒவ்வொரு தோட்டாவின் விலையும் .223 தோட்டாவின் விலையைப் போலப் பல மடங்கு என்பது ஒரு காரணம். தோள் பொறுக்காது என்பது இன்னொன்று. ஒரே எடையுள்ள துப்பாக்கியில் .450இன் பின்னுதைப்பு ஆற்றல் .223இன் பின்னுதைப்பைவிட ஐந்தாறு மடங்கு வரும். இப்படிப்பட்ட வாடிக்கையாளரை நம்பித் தோட்டா ஆலை ஓட முடியாது.

மற்ற சாரார் பன்றி வேட்டைக்காரர்கள். டெக்சாஸ் தொடங்கி அமெரிக்காவின் தெற்கு மாநிலங்கள் முழுவதும் வளர்ப்புப் பன்றியும் ஐரோப்பியக் காட்டுப்பன்றியும் கலந்த இனம் பெருகிப் பயிரை அழிக்கிறது; நாடு முழுவதும் அவை 60 லட்சத்துக்கும் மேல் என்பது அமெரிக்க வேளாண் துறையின் மதிப்பீடு. கூட்டமாக வரும் விலங்கு, குறைந்த தூரம், இரவு நேரம் ஆகிய சூழலில் அரைத் தானியங்கித் துப்பாக்கிக்கும் பெரிய குண்டுக்கும் நியாயமான தேவை இருக்கிறது. சைலன்சர் பொருத்தி, ஒலியின் வேகத்துக்குக் கீழே 500, 600 கிரெய்ன் குண்டுகளைச் செலுத்த விரும்பியவர்களிடம் .458 சோகாம் நல்ல பெயர் எடுத்தது. ஆனால் இங்கேயும் ஒரு முரண்பாடு உண்டு. கூட்டத்தில் இரண்டாவது, மூன்றாவது பன்றியையும் வீழ்த்த வேண்டுமானால் துப்பாக்கி விரைவாக மீண்டும் இலக்குக்குத் திரும்ப வேண்டும்; பெருந்தோட்டாவின் உதைப்பு அதற்கு இடையூறு. சிறிய, மலிவான தோட்டாவை வைத்திருப்பவரே அந்த வேலையில் முந்துகிறார். ஆகவே பன்றி வேட்டையும் இந்தத் தோட்டாக்களுக்கு ஒரு நிலையான அடித்தளமாக அமையவில்லை.

விதி மாறியது

மத்திய மேற்கு மாநிலங்களின் மான் வேட்டை வேறு வகையானது. இண்டியானா, ஒஹாயோ, அயோவா, இல்லினாய், மிச்சிகனின் தென்பாதி ஆகியவை சமதரையான பண்ணை நிலங்களும் நெருக்கமான குடியிருப்புகளும் உள்ள இடங்கள். கூர்முனை ரைஃபிள் குண்டு குறி தவறினால் மைல் கணக்கில் செல்லும் என்ற அச்சத்தால், மான் வேட்டைக்கு அங்கே பல தலைமுறைகளாக ஷாட்கன் என்னும் அகன்ற குழல் துப்பாக்கியில் ஒற்றைக் குண்டும் வாய்வழி நிரப்பும் துப்பாக்கியும் மட்டுமே அனுமதிக்கப்பட்டன. கைத்துப்பாக்கித் தோட்டாக்களுக்கு மட்டும் ஆங்காங்கே இடம் இருந்தது. ஷாட்கன் குண்டு கனமானது, விரைவில் தாழ்ந்துவிடும். ஆனால் அதன் துல்லியம் குறைவு, உதைப்பு மிகுதி. சிறுவர்களும் உடல் மெலிந்தவர்களும் அதனோடு படும் பாடு அந்த ஊர்களில் எல்லோருக்கும் தெரிந்தது. துல்லியம் இல்லாத கருவி விலங்கைக் காயப்படுத்தி ஓடவிடும் என்பதும் இதில் அடங்கிய துயரம்.

ஷாட்கன்தான் பாதுகாப்பானது என்ற நம்பிக்கையையே 2007இல் பென்சில்வேனியா சட்டமன்றக் குழு ஒன்றுக்காகச் செய்யப்பட்ட ஆய்வு கேள்விக்குள்ளாக்கியது. துப்பாக்கியை மிகவும் மேல்நோக்கிப் பிடித்துச் சுட்டால் ரைஃபிள் குண்டு தொலைவில் விழும் என்பது உண்மைதான். ஆனால் வேட்டையில் வழக்கமாக நடப்பதுபோலத் தரைக்கு இணையாகச் சுட்டால், நிலத்தில் பட்டுத் தெறித்துச் செல்லும் தொலைவையும் சேர்த்துக் கணக்கிடும்போது, ஷாட்கன் குண்டின் ஆபத்துப் பரப்பு சிறியது அல்ல என்று அந்த ஆய்வு கண்டது. கனமும் மெதுவும் மட்டும் பாதுகாப்பு ஆகாது என்று தெரிந்தபின், ஷாட்கன்னைவிடத் துல்லியமாகவும், உயர்வேக ரைஃபிளைவிடக் குறுகிய வீச்சோடும் இருக்கும் ஒரு நடுவழிக்கு இடம் பிறந்தது.

அந்த நடுவழிதான் நேர்ச்சுவர்த் தோட்டா. கழுத்து குறுகாமல், அடியிலிருந்து வாய் வரை ஏறத்தாழ ஒரே பருமனாக இருக்கும் கூடு. அதிலிருந்து வெளிப்படும் பருத்த, மெதுவான குண்டு. இண்டியானா இதில் முன்னோடி; .357 அங்குலத்துக்குக் குறையாத குண்டும், குறிப்பிட்ட நீள வரம்புக்குள் கூடும் இருந்தால் ரைஃபிளில் பயன்படுத்தலாம் என்று அனுமதித்து, பிறகு மேல்வரம்பை 1.8 அங்குலமாக உயர்த்தியது. 2014 பருவத்தில் மிச்சிகன் தன் தென்பகுதியைத் திறந்துவிட்டது: .35 அல்லது அதற்கு மேற்பட்ட விட்டம், நேர்ச்சுவர்க் கூடு, நீளம் 1.16 அங்குலத்துக்குக் குறையாமலும் 1.80 அங்குலத்தைத் தாண்டாமலும் இருக்க வேண்டும். அதே ஆண்டு ஒஹாயோவும், 2017இல் அயோவாவும் தத்தம் வகையில் நேர்ச்சுவர்த் தோட்டாக்களை ஏற்றன.

மிச்சிகன் விதியின் அந்த ஒரு வரியை எடுத்து அளவுகோலை வைத்துப் பார்த்தால், இந்த ஆய்வின் பாதி விடை அதிலேயே கிடைக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு மேலாக மான் வேட்டையில் பெயர் பெற்ற .45-70 நேர்ச்சுவர்த் தோட்டாதான். ஆனால் அதன் கூட்டின் நீளம் 2.105 அங்குலம், எனவே வெளியே. .444 மார்லினும் அப்படியே. .458 சோகாம் நீளத்தில் தேறிவிடும். ஆனால் அந்தச் சிறிய தோளும் கழுத்தும் இருப்பதால் நேர்ச்சுவர் என்ற சொல்லுக்குள் அடங்காது, எனவே அதுவும் வெளியே. .44 மேக்னம் உள்ளே வரும். ஆனால் 150 கஜத்துக்கு அப்பால் அதன் ஆற்றல் இறங்கிவிடும். .460 எஸ் அண்ட் டபிள்யூ என்ற ரிவால்வர் தோட்டாவின் கூடு சரியாக 1.80 அங்குலம், விதி எழுதியவர்கள் பெரிய கைத்துப்பாக்கித் தோட்டாக்களை மனத்தில் வைத்தே அந்த எண்ணைப் பிடித்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். ஆனால் விளிம்பு தடித்த ரிவால்வர் தோட்டாவை ஏஆர்-15 மேகசினில் அடுக்குவது சிரமம். எல்லாவற்றையும் கழித்தபின் 1.70 அங்குல நீளம், நேரான சுவர், விளிம்பு துருத்தாத அடி, பெரிய நிறுவனத்தின் தோட்டா என்று மிஞ்சி நின்றது .450 புஷ்மாஸ்டர்.

பேயோவுல்ஃபும் இந்த வரிக்குள் அடங்கும் என்பதை மறக்கக்கூடாது. அதன் கூடு நேரானது, நீளம் 1.65 அங்குலம். சட்டம் இரண்டுக்கும் ஒரே கதவைத்தான் திறந்தது. பேயோவுல்ஃப் அந்தக் கதவு வழியே நுழைந்தும் கடை அலமாரியை நிரப்ப முடியாமல் போனதற்குக் காரணம், பெயருரிமையும் தர அளவின்மையும் தோட்டா தயாரிப்பவர்களின் எண்ணிக்கையைக் குறைத்ததுதான். ஆகவே மூன்று தோட்டாக்களும் சேர்ந்து, யாரும் திட்டமிடாத ஒரு சோதனையாக அமைகின்றன. சோகாமுக்குப் பலர் துப்பாக்கி செய்தார்கள், மிச்சிகன் விதி இடம் கொடுக்கவில்லை. பேயோவுல்ஃபுக்கு விதி இடம் கொடுத்தது, தோட்டா பரவவில்லை. இரண்டும் அமைந்தது புஷ்மாஸ்டருக்கு மட்டும். 2007இல் 1.70 என்று குறைத்தபோது ஹார்னடியின் எண்ணத்தில் இருந்தது மேகசினின் நீளம்தான். ஏழு ஆண்டு கழித்து மிச்சிகன் எழுதப்போகும் விதி அன்று யாருக்கும் தெரியாது.

வேட்டை விதிகள் அரைத் தானியங்கியின் தனிச்சிறப்பையே சுருக்கியதையும் சொல்ல வேண்டும். மிச்சிகனில் மேகசினிலும் குழலிலுமாகச் சேர்த்து ஆறு தோட்டாக்களுக்கு மேல் கொள்ளும் அரைத் தானியங்கியோடு மான் வேட்டைக்குப் போகக்கூடாது. ஒஹாயோவிலோ மூன்றுக்கு மேல் நிரப்பக்கூடாது என்று விதி வந்தது. ஐந்து தோட்டா மேகசின் மிச்சிகன் வரம்புக்குள் அடங்கும். விரைவாகப் பல முறை சுடும் திறனுக்காக யாரும் .450ஐ வாங்கவில்லை, 150, 200 கஜத்துக்குள் ஒரு மானைச் சுத்தமாக வீழ்த்தவே வாங்கினார்கள். 200 கஜத்தில் அதன் ஆற்றல் தொடக்க ஆற்றலில் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது, குண்டின் வளைவும் கூடிவிடுகிறது என்பதால், கூப்பர் கனவு கண்ட 250 கஜம் நடைமுறையில் எட்டாத தூரம்தான் என்று நான் கருதுகிறேன். விற்பனைக்காரர்கள் அந்த எண்ணைச் சொல்லும்போது வாங்குபவர் தன் குறித்திறனை நேர்மையாக எடைபோட வேண்டும். காயம்பட்ட மான் இருட்டில் ஓடி மறைந்துவிட்டால் அதன் வலியை அந்த எண் ஈடுசெய்யாது.

பெயரின் சுமை

இந்தத் தோட்டாவின் வளர்ச்சி நடந்த அதே ஆண்டுகளில் அதன் பெயரைத் தந்த நிறுவனம் சிதைந்தது. 2006இல் செர்பரஸ் முதலீட்டு நிறுவனத்தின் கைக்குப் போன புஷ்மாஸ்டர், ரெமிங்டனோடு ஒரே குழுமத்துக்குள் வந்தது; மெய்ன் ஆலை 2011இல் மூடப்பட்டது. 2012 டிசம்பரில் கனெக்டிகட்டின் சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டபோது கொலையாளியின் கையில் இருந்தது புஷ்மாஸ்டர் பெயர் பொறித்த .223 துப்பாக்கி. அந்தக் குடும்பங்கள் தொடுத்த வழக்கு துப்பாக்கியின் பொறியியலைப் பற்றியது அன்று, அது விளம்பரப்படுத்தப்பட்ட விதத்தைப் பற்றியது. 2022 பிப்ரவரியில் அது 7.3 கோடி டாலருக்குச் சமரசமானது. இடையில் ரெமிங்டன் குழுமம் 2018இலும் 2020இலும் இரு முறை திவால் மனு கொடுத்து, அதன் பெயர்கள் தனித்தனியாக விற்கப்பட்டன.

ஒரு தோட்டாவின் சந்தைக் கவர்ச்சியை ஆராயும்போது இதை ஒதுக்கிவைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆற்றலைக் காட்டி, வீரத்தைக் காட்டி அரைத் தானியங்கித் துப்பாக்கியை விற்கும் வழக்கத்துக்கு விலை உண்டு என்பதை அந்தச் சமரசத் தொகை பணக்கணக்கில் மட்டும் சொல்கிறது; இழப்பின் கணக்கு அதில் இல்லை. இதே காலத்தில் இதே பெயர் தாங்கிய தோட்டா மிச்சிகனின் பண்ணைக் குடும்பங்களுக்குள் நுழைந்தது வேறு காரணங்களால்: விதிக்கு உட்பட்டது, ஷாட்கன்னைவிடத் துல்லியமானது, கடையில் கிடைப்பது. வீரத்தைப் பேசிய விளம்பரம் இதில் ஒரு பங்கும் ஆற்றவில்லை.

துப்பாக்கியை விட்டுப் பிரிந்த தோட்டா

2010களின் பிற்பகுதியில் ரூகர் நிறுவனம் தன் அமெரிக்கன் ராஞ்ச் என்ற, ஒவ்வொரு முறையும் கையால் போல்ட்டை இழுத்துத் தோட்டாவை ஏற்றும் போல்ட் துப்பாக்கியை .450 புஷ்மாஸ்டர் அளவில் விற்கத் தொடங்கியது. 16 அங்குலக் குழல், உதைப்பைக் குறைக்க முனையில் ஒரு பிரேக், ஏஆர்-15 வாங்கும் செலவைவிடக் குறைந்த விலை. சாவேஜும் மாஸ்பர்க்கும் பின்தொடர்ந்தன. ஏஆர்-15ஐ வீட்டில் வைக்க விரும்பாதவர்களும், அதற்குப் பணம் ஒதுக்க முடியாதவர்களும் இப்போது இந்தத் தோட்டாவை வாங்கினார்கள். அரைத் தானியங்கிக்காகவே வகுத்த நீளமும் விளிம்பும் எந்தத் தேவையும் இல்லாமல் போல்ட் துப்பாக்கிக்குள் வந்து உட்கார்ந்தன. ஃபெடரல், ரெமிங்டன், வின்செஸ்டர் ஆகியவையும் தோட்டா செய்யத் தொடங்கியதும் சந்தை உறுதிப்பட்டது.

இந்த வெற்றியே அதற்குப் போட்டியையும் அழைத்து வந்தது. 2019இல் வின்செஸ்டர் .350 லெஜெண்ட் தோட்டாவை வெளியிட்டது. விதி கேட்கும் குறைந்தபட்ச விட்டத்தை ஒட்டிய குண்டு, 1.71 அங்குல நேர்ச்சுவர், .223 அளவிலேயே விளிம்பு, .450இன் உதைப்பில் பாதிக்கும் குறைவு. விதியின் வரிகளை முன்னால் வைத்துக்கொண்டே வரைந்த வடிவம் என்று பார்த்தவுடன் தெரிகிறது. சிறுவர்களுக்கும் பெண்களுக்கும் முதல் துப்பாக்கியாக அது பரவியது வியப்பல்ல. 2023இல் இடைவெளியை நிரப்ப .400 லெஜெண்டும் வந்தது. வின்செஸ்டருக்கு இது ஒரு வகையில் பழைய வீதிக்கே திரும்பிய பயணம்: 1907லும் 1910லும் அந்நிறுவனம் தன் தானாக நிரப்பும் துப்பாக்கிகளுக்கு .351, .401 என்ற நேர்ச்சுவர்த் தோட்டாக்களைச் செய்து விற்றது. ரூகர் தன் முதல் நீள் துப்பாக்கியாக 1961இல் கொண்டுவந்ததும் .44 மேக்னம் அரைத் தானியங்கிதான். அவை எல்லாம் காட்டில் நன்றாகவே வேலை செய்தன. அவற்றைத் தாங்கிப் பிடிக்க அன்று இப்படி ஒரு விதி இல்லை.

.350 லெஜெண்ட் வந்த பிறகு, பெருந்தோட்டாவின் பெருமை எவ்வளவு தூரம் விற்பனைக்கு உதவியது என்ற கேள்விக்கு இன்னொரு சான்று கிடைத்தது. விதிக்குள் அடங்கி, வலி குறைந்து, விலை குறைந்து ஒரு தோட்டா கிடைத்தவுடன் வாங்குபவர்களில் பெரும்பகுதியினர் பருமனைக் கைவிடத் தயங்கவில்லை. .450ஐ விடாமல் வைத்திருப்பவர்கள் அடர்ந்த புதரில் ஐம்பது கஜத்துக்குள் பெரிய ஆண்மானைச் சுடுபவர்கள். அவர்களுக்கு அந்தக் குண்டின் கனத்தில் உண்மையான பயன் உண்டு.

2023 ஜனவரி 1 முதல் இல்லினாய் மாநிலம் மான் வேட்டைக்கு நேர்ச்சுவர்த் தோட்டாக்களை அனுமதித்தது. ஆனால் ஒரே ஒரு தோட்டா மட்டும் கொள்ளும் துப்பாக்கியில்தான் என்று நிபந்தனை வைத்தது. அதே மாதம் 10ஆம் தேதி ஆளுநர் கையெழுத்திட்ட இன்னொரு சட்டம் ஏஆர்-15 வகைத் துப்பாக்கிகளின் விற்பனையை அம்மாநிலத்தில் தடைசெய்தது. மேகசின் நீளத்துக்காக 1.70 அங்குலமாகக் குறைக்கப்பட்ட அந்தக் கூட்டை, இல்லினாயின் சோளக்காட்டு ஓரங்களில் இப்போது வேட்டைக்காரர்கள் மேகசினே இல்லாத துப்பாக்கியில் கையால் ஒவ்வொன்றாக இட்டு நிரப்பலாம்.